குரல் மட்டும் நம்முடையது: டூன் டிஸ்னியும் தமிழ்க் குழந்தைகளின் திரையும்

2004 டிசம்பர் 17 அன்று வால்ட் டிஸ்னி நிறுவனம் இந்தியாவில் இரண்டு குழந்தைகள் சேனல்களை ஒரே நாளில் தொடங்கியது. ஒன்று டிஸ்னி சேனல். மற்றொன்று கார்ட்டூன்களுக்கென்றே வந்த டூன் டிஸ்னி. இந்த இரண்டாவது சேனல் தென்னிந்தியக் குழந்தைகளைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது; ஆங்கிலத்தோடு தமிழ் ஒலியும் தெலுங்கு ஒலியும் அதில் கிடைத்தன. ஐந்து ஆண்டு நிறைவதற்குள், 2009 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்திலேயே அது மூடப்பட்டது. அந்த இடத்துக்கு டிஸ்னி எக்ஸ்டி வந்தது. 2019 ஜனவரி 20-இல் அதுவும் போய் மார்வெல் எச்க்யூ ஆனது. 2022 மார்ச் 1-இல் மார்வெல் எச்க்யூ போய் சூப்பர் ஹங்காமா வந்தது. பதினெட்டு ஆண்டு முடிவதற்குள் ஒரே இடத்தில் நான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயரின் கீழும் தமிழ் ஒலி இருந்தது. ஆனால் எந்தப் பெயர் எப்போது வரும், எப்போது போகும் என்பதைத் தமிழ்க் குழந்தைகளின் தேவை ஒருமுறைகூடத் தீர்மானிக்கவில்லை.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சியில் நாம் மொழியை மட்டும் பெற்றுக்கொண்டோம், உரிமையைக் கேட்கவில்லை என்பதே இந்த வரலாறு சொல்லும் செய்தி. படமும் முடிவெடுக்கும் அதிகாரமும் வேறெங்கோ இருக்க, ஒலி மட்டும் தமிழில் இருந்தால் அந்தச் சேனல் நம் குழந்தைகளுடையது ஆகிவிடாது. அது மறையும்போது நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. ஓசூர் அருகே உள்ள சானமாவு போன்ற, கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதியிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஓசூர், இராயக்கோட்டைப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் ஒருபுறம் கேழ்வரகும் தக்காளியும் விளைகின்றன. மறுபுறம் ஓசூர் சிப்காட்டின் ஆலைகள் ஓடுகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். ஆலை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தை எந்த மொழியில் கார்ட்டூன் பார்க்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதை முடிவுசெய்தவர்கள் யாரும் இந்த ஊரை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அரசின் கையில் தொடங்கியது

செயற்கைக்கோள் வழியாகக் குழந்தைகளுக்கு அவரவர் மொழியில் நிகழ்ச்சி தரும் முயற்சி இந்தியாவில் தனியாரிடம் தொடங்கியது அல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இஸ்ரோவும் அன்றைய அகில இந்திய வானொலியும் சேர்ந்து, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றன. ‘சைட்’ என்று அறியப்பட்ட அந்தச் சோதனையில் காலை நேரம் முழுவதும் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கே ஒதுக்கப்பட்டது. இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன. குழந்தைகளுக்கான அறிவியல் படங்களை இஸ்ரோவே தன் மும்பை ஸ்டூடியோவில் தயாரித்தது. ஒரு படத்தோடு இரண்டு ஒலிகளை அனுப்பும் வசதி அந்தச் செயற்கைக்கோளில் இருந்தது. பிற்காலத்தில் கார்ட்டூன் சேனல்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ‘ஒரு படம், பல மொழி’ என்ற வழி, இந்த மண்ணில் முதலில் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே பயன்பட்டது. சோதனை நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. தமிழ் ஒலியும் இல்லை.

தமிழுக்கு 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ‘கண்மணிப் பூங்கா’ போன்ற குழந்தைகள் நிகழ்ச்சிகள் அதில் இடம்பெற்றன. நம் பிள்ளைகளே பாடி, நடித்து, கதை சொன்ன நிகழ்ச்சிகள் அவை. படமும் ஒலியும் இங்கேயே பிறந்தன. ஆனால் வாரத்தில் சிறிது நேரமே அவற்றுக்குக் கிடைத்தது. 1995-இல் டர்னர் நிறுவனத்தின் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது குழந்தைகளுக்கு முதன்முறையாக நாள்தோறும் மணிக்கணக்கில் படம் கிடைத்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் தமிழ் ஒலியும் சேர்ந்தது. பிறகு 2004-இல் ஒரு பெரும் அலை எழுந்தது. ஜனவரி 1-இல் போகோ, ஜூலையில் ஜப்பானியத் தொடர்களுக்கான அனிமேக்ஸ், செப்டம்பரில் யூடிவி நிறுவனத்தின் ஹங்காமா, டிசம்பரில் டிஸ்னியின் இரண்டு சேனல்கள். ஒரே ஆண்டில் ஐந்து குழந்தைகள் சேனல்கள் இந்திய வானத்தில் ஏறின.

அந்த அலைக்குக் காரணம் கேபிள் தொலைக்காட்சி சிற்றூர்கள்வரை பரவியதும், பிஸ்கட், சத்துபானம், பற்பசை, பொம்மை விற்பவர்கள் குழந்தைகள் வழியாகப் பெற்றோரின் பணப்பையை எட்ட முடியும் என்று கண்டுகொண்டதும்தான். தமிழ்நாடு அந்தச் சந்தையில் முக்கியமான இடம். 2006 செப்டம்பரில் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அந்தத் திட்டம் முடியும்போது ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்திருந்தது. 2011-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. பெட்டியும் இணைப்பும் ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டது. அந்தப் பெட்டிக்குள் குழந்தை எதைப் பார்க்கும் என்ற கேள்வி மட்டும் சந்தையிடம் விடப்பட்டது. நான் குறைசொல்வது இந்த இடைவெளியைத்தான்.

ஒரு படம், பல ஒலி

டூன் டிஸ்னி போன்ற சேனல்கள் எப்படி இயங்கின என்பதைப் புரிந்துகொண்டால் அவை ஏன் அவ்வளவு எளிதாக மறைந்தன என்பதும் புரியும். கார்ட்டூன் வரைவதுதான் பெருஞ்செலவு. அது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஏற்கெனவே முடிந்திருக்கும். இங்கே அதற்கு வசனம் எழுதி, டப்பிங் கலைஞர்களைப் பேசவைத்து, புதிய ஒலியைப் படத்தோடு சேர்த்தால் போதும். பிறகு ஒரே படத்தோடு ஆங்கிலம், தமிழ், தெலுங்கு ஒலிகளை ஒன்றாகவே செயற்கைக்கோளுக்கு அனுப்பலாம். தனித் தமிழ்ச் சேனல் நடத்துவதற்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்கு ஆகும். செலவு குறைவு என்பதால்தான் பல மொழிகள் விரைவில் வந்து சேர்ந்தன. அது குழந்தைகளுக்குக் கிடைத்த உண்மையான நன்மை. ஆங்கிலம் புரியாத பிள்ளை, டூன் டிஸ்னியில் ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் சாகசத் தொடர்கள் ஓடிய நேரத்தில் பவர் ரேஞ்சர்ஸ் தமிழில் பேசுவதைக் கேட்டுக் கதையை முழுமையாகப் பின்தொடர முடிந்தது. ஆனால் சேர்க்கச் செலவு குறைவான ஒன்றை நீக்கவும் செலவு குறைவு. விளம்பரம் அனைத்தும் ஒரே படத்தின்மேல் ஓடுவதால், தமிழ்ப் பார்வையாளர் என்று தனியாக ஒரு வருமானக் கணக்கும் எழவில்லை.

கேபிள் பழைய முறையில் ஓடிய காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செயற்கைக்கோளிலிருந்து மூன்று ஒலிகள் வந்தாலும், ஒரு சேனலுக்கு ஓர் ஒலியைத்தான் கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்ப முடியும். எந்த ஒலி என்பதைக் கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முடிவுசெய்வார். முழுக்கத் தமிழ் பேசும் ஊரில் இது பெரிய கேள்வியாக எழாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கங்களில் ஒரே தெருவில் மூன்று தாய்மொழிகள் இருக்கும்போது, யாரோ ஒருவர் திருகிவைத்த பொத்தான் அத்தனை குழந்தைகளின் மொழியையும் முடிவுசெய்துவிடும். டிடிஎச் தட்டும் செட்டாப் பாக்ஸும் வந்த பிறகு ரிமோட்டிலேயே ஒலியை மாற்றிக்கொள்ள முடிந்தது. எல்லைப்புறக் குழந்தைக்கு அந்தத் தொழில்நுட்பம் தந்த சுதந்திரம் பெரிது. ஆனால் அது பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் டூன் டிஸ்னி இல்லை.

ஏன் மூடப்பட்டது

டூன் டிஸ்னி மூடப்பட்டதற்கான காரணம் இந்தியாவில் இல்லை. 2001-இல் டிஸ்னி, ஃபாக்ஸ் ஃபேமிலி நிறுவனத்தை 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அதோடு ஃபாக்ஸ் கிட்ஸ் சேனல்களும் பவர் ரேஞ்சர்ஸ் உள்ளிட்ட தொடர்களும் டிஸ்னியின் கைக்கு வந்தன. 2004-இல் அவற்றுக்கு ஜெட்டிக்ஸ் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. சில ஆண்டுகளில் டூன் டிஸ்னி, ஜெட்டிக்ஸ் என்ற இரண்டு பெயர்களையும் கைவிட்டு, ஆறு முதல் பதினான்கு வயதுச் சிறுவர்களைக் குறிவைத்து டிஸ்னி எக்ஸ்டி என்ற ஒரே பெயரை உலகெங்கும் கொண்டுவருவது என்று நிறுவனம் முடிவெடுத்தது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 13-இல் அது நடந்தது. ஒன்பது மாதம் கழித்து இந்தியாவிலும் நடந்தது. பெரிய நிறுவனம் தன் பெயர்களை ஒழுங்குபடுத்துவதில் தவறு ஏதும் இல்லை; அது அவர்களுடைய சொத்து. வாடகை வீட்டுக்கு நாமே வண்ணம் பூசியிருந்தாலும், வீட்டை இடிக்கும்போது உரிமையாளர் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. தமிழ் ஒலி நாம் பூசிய வண்ணமாகவே இருந்தது.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. யூடிவி 2004-இல் தொடங்கிய ஹங்காமாவை, குழந்தைகளிடையே அது பெயர் பெற்றுவிட்டதால், 2006-இல் டிஸ்னியே வாங்கிக்கொண்டது. ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு ஓடிய அனிமேக்ஸை 2017 ஏப்ரலில் சோனி நிறுத்திவிட்டு, சோனி யே என்ற சேனலைக் கொண்டுவந்தது. கல்வியையும் பொழுதுபோக்கையும் இணைப்பதாகச் சொல்லி 2012-இல் ஜீ நிறுவனம் தொடங்கிய ஜீக்யூவும் 2017-இல் மூடப்பட்டது. கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளும் இதிலிருந்து தப்பவில்லை: டிஸ்னி தன் கவனத்தை இணையச் சந்தாவுக்குத் திருப்பியபோது, சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2021 தொடக்கத்திலும் டிஸ்னி சேனலே நின்றுபோனது. இந்தியாவில் 2024 நவம்பர் 14 அன்று, மீண்டும் ஒரு குழந்தைகள் தினத்தில், டிஸ்னியின் ஸ்டார் நிறுவனமும் ரிலையன்ஸின் வயாகாம்18-உம் இணைந்தன. டிஸ்னியின் ஹங்காமாவும் வயாகாம்18-இன் நிக் சேனலும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. போட்டியாளர்கள் ஒன்றாகும்போது ஒரே வயதுக் குழந்தைக்கு இத்தனை சேனல்கள் எதற்கு என்ற கணக்கு எழுவது இயல்பு. அந்தக் கணக்கைப் போடும் மேசையில் குழந்தையின் பக்கம் பேச யாருக்கும் இடம் இல்லை.

இதற்கு நேர் எதிரான சான்றும் தமிழகத்திலேயே உண்டு. 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி, அத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் அதே பெயரில் தொடர்ந்தது. தெலுங்கில் குஷி டிவி, கன்னடத்தில் சிண்டு டிவி, மலையாளத்தில் கொச்சு டிவி என்று உடன்பிறப்புகளையும் பெற்றது. முடிவெடுக்கும் இடம் சென்னையில் இருந்ததும், தமிழே அதன் முதல் மொழியாக இருந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பேன். கலிபோர்னியாவில் பெயர்ப்பலகை மாறுவதால் சுட்டி டிவி மூடப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்கும் பாதி வெற்றிதான். தமிழ்க் குழந்தைகளின் மனத்தில் சுட்டி டிவியை நிலைநிறுத்திய டோராவும் ஜாக்கி சானும் வெளியிலிருந்து வாங்கிய படங்களே. உரிமம் முடிந்தால் அவை போய்விடும். சேனல் நம்முடையதாக இருந்தும் படம் நம்முடையதாக இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

என்ன மிஞ்சியது

ஒரு குழந்தைகள் பத்திரிகை நின்றுபோனால் அதன் பழைய இதழ்கள் எங்கேனும் இருக்கும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இன்று வருவதில்லை, அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்து வளர்த்த கோகுலமும் நின்றுவிட்டது. ஆனாலும் அவற்றைத் தேடிப் படிக்கவும் ஆராயவும் வழி உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும், அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்பக் கட்டளையிட்டன. தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒளிபரப்பான நிகழ்ச்சியின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சேனல்களுக்கு அரசு இட்டிருக்கும் நிபந்தனை. அதுவும் புகார் வந்தால் பார்ப்பதற்காக, பாதுகாப்பதற்காக அல்ல. ஆகவே ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் தமிழில் பேசிய ஒரு சேனலின் ஒலியை எந்தப் பொது நூலகத்திலும் போய்க் கேட்க நமக்கு உரிமை இல்லை.

இழந்தது வெறும் நினைவு அல்ல. டப்பிங் என்பது ஓர் எழுத்துக்கலை. அயல்நாட்டுப் பாத்திரத்தின் உதட்டசைவுக்குள் அடங்கும்படி, குழந்தைக்குப் புரியும்படி, சிரிப்பு கெடாதபடி தமிழ் வசனம் எழுதுவது கடினமான வேலை. எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, எந்த வட்டாரப் பேச்சு, மரியாதைச் சொல் எங்கே வரும் என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டும். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஆயிரக்கணக்கான மணிநேரம் இந்த முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். 2000-களில் வளர்ந்த ஒரு தலைமுறையின் தமிழ்க் காதை வடிவமைத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் படத்தின் முடிவில் பெரும்பாலும் மூலமொழிக் கலைஞர்களின் பெயர்களே ஓடின, அதுவும் ஆங்கிலத்தில். குழந்தைகளுக்கான தமிழ் உரைநடை எப்படி மாறியது என்று நாளை ஒருவர் ஆராய வந்தால் அம்புலிமாமா அவருக்குக் கிடைக்கும். தொலைக்காட்சி பேசிய தமிழ் கிடைக்காது.

எதிர்வாதங்கள்

பெயர்தானே மாறியது, தமிழ் ஒலி அடுத்த சேனலிலும் வந்ததே என்று கேட்கலாம். சரிதான், டிஸ்னி எக்ஸ்டி வந்த மறுநாளே தமிழ்க் குழந்தைகள் மொழியற்றுப் போய்விடவில்லை. ஆனால் சேனல் என்பது ஒலியும் படமும் மட்டும் அல்ல. யாருக்காக நடத்தப்படுகிறது என்ற நோக்கமும் சேர்ந்ததே சேனல். எல்லாக் குழந்தைகளுக்குமான கார்ட்டூன் சேனல், சிறுவர்களை முதன்மையாகக் குறிவைத்த சேனலாகி, பிறகு ஒரு சாகச நாயகக் கூட்டத்தின் விளம்பரப் பெயரைத் தாங்கிய சேனலாக மாறியபோது, ஒவ்வொரு முறையும் சில குழந்தைகள் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டனர். பெண் குழந்தைகள், மிகச் சிறிய குழந்தைகள் ஆகியோருக்கான இடம் சுருங்கியது. 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்து, எந்தச் சேனலுக்குப் பணம் கொடுப்பது என்று வீட்டார் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது, குழந்தைகள் சேனல் வேண்டுமா என்பது குடும்பச் செலவுக் கணக்கில் ஒரு வரியானது. தினக்கூலி வீட்டில் அந்த வரிதான் முதலில் அடிபடும்.

யூடியூப் இருக்கும்போது சேனல் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. உலகின் மிகப் பெரிய குழந்தைப் பாடல் யூடியூப் சேனல்களில் ஒன்றான சூச்சூ டிவி, 2013-இல் சென்னையில் பிறந்தது. நம்மவர்களால் உலகத் தரத்தில் வரைய முடியும், பாட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு முன்பே சென்னையின் பெண்டாமீடியா நிறுவனம் 2000-இல் சிந்துபாத்தையும் பாண்டவர்களையும் முழுநீள அனிமேஷன் படங்களாக எடுத்திருந்தது. 2007-இல் ‘இனிமே நாங்கதான்’ தமிழிலேயே வந்தது. திறமை இருக்கிறது. ஆனால் சூச்சூ டிவிக்கு உலகப் புகழ் தந்தவை முதன்மையாக ஆங்கிலப் பாடல்களே. தமிழ் அதன் பல கிளைகளில் ஒன்று. சந்தையை மட்டும் நம்பினால், சென்னையில் வரைந்தாலும் முதலில் பேசும் மொழி ஆங்கிலமாகிவிடுகிறது. மேலும், அடுத்து என்ன வரும் என்பதை யூடியூபில் ஒரு நிரல் முடிவுசெய்கிறது. சேனலில் தவறு நடந்தால் கேட்பதற்கு ஒரு நிறுவனமும் உரிமமும் விதியும் இருந்தன. கைபேசியில் ஓடும் படத்துக்கு யார் பொறுப்பு என்று பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அயல்நாட்டுக் கார்ட்டூன் போனதற்கு ஏன் வருந்த வேண்டும், நம் பண்பாட்டைத்தானே வளர்க்க வேண்டும் என்ற வாதமும் உண்டு. அதன் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அயல்நாட்டுப் படம் விலகிய இடத்தில் தமிழ்ப் படம் வந்து அமரவில்லை. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-இல் போகோவில் தந்த சோட்டா பீமும், இந்தி படக்கதை இதழிலிருந்து 2012-இல் நிக் சேனலுக்கு வந்த மோட்டு பட்லுவும் இந்தியப் படங்கள்தான், நன்றாக ஓடியவையும்கூட. ஆனால் அவற்றின் முதன்மைச் சந்தை இந்தி பேசும் இந்தியா. தமிழுக்கு அவை மறுபடியும் டப்பிங்காகவே வந்தன. அந்த ஊர்களின் தெருவும் தின்பண்டமும் திருவிழாவும் திரையில் இருக்கின்றன. கேழ்வரகுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கும் சானமாவின் குளிர்காலம் எந்தக் கார்ட்டூனிலும் இல்லை. அமெரிக்காவின் இடத்தில் வட இந்தியா வந்ததால் உரிமைக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

திரையே குழந்தைக்குக் கேடு, மறைந்தது நல்லதுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கும் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் ஒருவர் சீனமொழி பேசியபோது அதன் ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் காட்டியபோது கற்கவில்லை. ஆனால் பள்ளிக்குப் போகும் வயதை நெருங்கும் பிள்ளையின் கதை வேறு. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் தெளிவாகத் தெரிந்த பகுதிகளில் வளர்ந்த குழந்தைகள், பள்ளியில் தங்கள் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் இருந்தார்கள் என்று மெலிசா கியர்னியும் பிலிப் லெவினும் 2015-இல் காட்டினார்கள். குறைவான நேரம், நல்ல நிகழ்ச்சி என்பதுதான் இந்த ஆய்வுகள் சேர்ந்து சொல்லும் பாடம். நல்ல நிகழ்ச்சி தானாக வந்துவிடாது. அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

கடைசியாக, எல்லைப்புறத்திலிருந்தே எழும் எதிர்வாதம்: தமிழ்ச் சேனல் வேண்டும் என்று கேட்பது, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓசூர்ப் பிள்ளைகளை ஒதுக்குவது ஆகாதா? 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்பித்தல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியபோது மொழிச் சிறுபான்மையினர் தங்கள் கவலையை வெளிப்படையாகச் சொன்னார்கள். அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் ஒரு படத்தோடு பல ஒலிகளை அனுப்பும் வசதி இருக்கும்போது இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. இங்கே உருவாகும் படத்துக்குத் தமிழோடு தெலுங்கு, கன்னட ஒலிகளும் சேர்க்கலாம். வீட்டுமொழியில் கதையைப் புரிந்துகொண்ட பிள்ளை, அதே கதையைத் தமிழில் கேட்கும்போது பள்ளித்தமிழ் அதற்கு அந்நியமாகத் தோன்றாது. ஒலியைச் சந்தை தீர்மானித்தபோது எல்லைப்புறக் குழந்தை தோற்றது. பொது நோக்கம் தீர்மானித்தால் அதே தொழில்நுட்பம் அந்தக் குழந்தைக்கே முதலில் பயன்படும்.

செய்ய வேண்டியது

இதற்குச் சட்டத்தின் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டம், குழந்தைகளின் நலனைக் காக்கச் சிறப்பு நடவடிக்கை எடுப்பதைப் பொது ஒளிபரப்பின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. விவசாயிகளுக்கென்று 2015-இல் டிடி கிசான் வந்தது. அது சரியான முடிவு. குழந்தைகளுக்கும் அப்படி ஒரு பொதுச் சேனல் வேண்டும். பிரிட்டனில் பிபிசி 2002 பிப்ரவரியில் இரண்டு குழந்தைகள் சேனல்களை வயதுவாரியாகத் தொடங்கியது. அதே நாட்டில் தனியார் ஐடிவி 2006-இல் தொடங்கிய சிஐடிவியை 2023-இல் மூடிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26 முதல் கல்வித் தொலைக்காட்சி இயங்குகிறது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக்கிடந்தபோது பாடத்தை வீட்டுக்குக் கொண்டுசென்றது அதுதான். ஒளிபரப்பும் வசதியும் மக்களின் நம்பிக்கையும் அதற்கு உண்டு. அதில் நாளுக்கு இரண்டு மணி நேரம் பாடத்துக்கு அல்லாமல் கதைக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் படங்களை வரைய இங்குள்ள கலைஞர்களுக்கு நிதி தரப்பட வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் திரைப்படச் சங்கம் 1955-இல் தொடங்கி, 2022 மார்ச்சில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்ட நிலையில், மாநிலத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

அதோடு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. தமிழில் ஒளிபரப்பாகும் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் ஒரு பிரதியைப் பொது ஆவணக்காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒளிபரப்பு உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். பதிப்புரிமை உரிமையாளரிடமே இருக்கட்டும், பிரதி மட்டும் நம் நூலகத்தில் இருக்கட்டும். தமிழ் வசனம் எழுதியவர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் தமிழில் வர வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. பெட்டியை வீடுவீடாகக் கொடுக்க முடிந்த அரசுக்கும், 70 ரூபாய்க்குக் கேபிள் தர முடிந்த அரசுக்கும் இது கைக்கு எட்டாத வேலை அல்ல. டூன் டிஸ்னி மூடப்பட்டபோது கேட்க நமக்கு உரிமை இல்லாமல் இருந்தது, ஏனென்றால் அதில் நம்முடையது என்று எதையும் நாம் வைத்திருக்கவில்லை. அடுத்து வரும் தலைமுறையின் திரையில் படமும் குரலும் முடிவெடுக்கும் உரிமையும் ஒன்றாக இங்கே இருக்க வேண்டும். அதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் வாய்திறந்து கேட்காதவரை யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை.